எயினன் என்னும் பறை

காவிரி கடலில் கலக்கும் துறையில் பாய் விரித்து, நக்கவாரத்தைத் தாண்டி, கடாரத்தின் துறைகளையும் பின்னே விட்டு, அதற்கும் கிழக்கே காற்று தள்ளிய வழியில் ஐம்பது நாள் வரச் சம்மதமுள்ள வாசகர்களை மட்டும் இந்தக் கதைக்கு அழைக்கிறோம். வயிறு புரட்டுமே என்று அஞ்சுகிறவர்கள் கரையிலேயே இருந்துகொள்ளலாம். நாம் குறை சொல்ல மாட்டோம். வருகிறவர்களுக்கு ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். இது சிரித்த முகத்தோடு திரும்பி வரும் பயணம் அல்ல.

மேற்கே கதிரவன் மறைந்த இடத்தில் செவ்வொளி சிறிது சிறிதாக அணைந்துகொண்டிருந்தது. கிழக்கே, கிராம்பு மரங்கள் அடர்ந்த இரட்டை மலைகளுக்கு நடுவிலிருந்து முழுமதி எழுந்து, கண்ணுக்கெட்டிய தூரம் வரை கடலின் மேல் வெள்ளிப் பாதையொன்றை விரித்தது. மலைச்சரிவில் தவழ்ந்து இறங்கிய காற்றில், அன்று பகல் முழுவதும் பாய்களில் உலர்ந்த கிராம்பு மொட்டுகளின் காரமணம் கலந்திருந்தது. தீவுக்கும் கடலுக்கும் நடுவே, நீரில் மறைந்தும் நுரையில் வெளிப்பட்டும், பவளப்பாறைகள் சுற்றி வளைத்து நின்றன. நூசவாரு என்பது அந்தத் தீவின் பெயர். அதற்கு மதிலும் இல்லை, அகழியும் இல்லை. இந்தப் பாறைகளே போதும் என்று அதன் அரசர்கள் நிம்மதியாக இருந்துவிட்டார்கள்.

பாறைகளுக்கு வெளியே பாய் இறக்கி நின்ற சோழநாட்டு மரக்கலத்தின் முனையில் ஒரு மனிதன் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு வயது முப்பத்திரண்டுதான் என்று சொன்னால் வாசகர்கள் நம்பமாட்டார்கள். தலையும் தாடியும் நரைத்திருந்தன. தாடை எலும்பு எப்போதோ உடைந்து கோணலாகக் கூடியிருந்ததால் முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. கழுத்தைச் சுற்றி இரும்பு வளையம் தேய்த்த தழும்பு. அந்த வளையம் அவன் குரலையும் சேர்த்து நெரித்துவிட்டிருந்தபடியால், பேசினால் காய்ந்த ஓலை உரசுவது போலக் கரகரத்தது. கப்பலில் எல்லோரும் அவனை மொழிபெயர்ப்பாளன் நக்கன் என்று அறிவார்கள். கலநாயகர் விழுப்பரையர் ஒருவருக்கு மட்டும் அவனுடைய உண்மைப் பெயர் தெரியும்.

"எயினரே!" என்று தாழ்ந்த குரலில் அழைத்தபடி அருகில் வந்தார் விழுப்பரையர். "தங்கள் முகத்தில் அச்சம் தெரிகிறதே! சிறைக்கோட்டத்தின் சுவரேறிக் குதித்தபோதுகூட அஞ்சவில்லை என்றல்லவா சொன்னீர்கள்?"

"அப்போது இழப்பதற்கு எதுவும் இல்லை, ஐயா!" என்றான் எயினன். "இப்போது அவள் இருக்கிறாளே!"

அவள் யார் என்பதைச் சொல்லிவிடுகிறோம். எட்டு ஆண்டுகளுக்கு முன் எயினன் ஏறிவந்த வணிகக் கப்பல் இதே பாறைகளில் மோதி நொறுங்கியது. உயிரோடு கரை ஒதுங்கியவன் அவன் ஒருவனே. இரண்டு ஆண்டுகள் அந்தத் தீவில் வாழ்ந்தான். தீவரசனின் தங்கை தெலேமாவை மணந்தான். பிறகு அவ்வழியே வந்த ஒரு கப்பலில், தாய் தந்தையரைப் பார்த்துவிட்டு மறு பருவக்காற்றிலேயே திரும்புவதாகச் சொல்லிப் புறப்பட்டான். வழியில் ஒரு துறைமுகத்துச் சிற்றரசன் அவனைச் சோழரின் ஒற்றன் என்று பிடித்துச் சங்கிலியில் பூட்டினான். எயினன் ஒற்றனுமல்ல, ஒரு மண்ணாங்கட்டியுமல்ல. ஆனால் அதைக் கேட்பதற்கு அங்கே யாருக்குக் காது இருந்தது? ஐந்து ஆண்டுகள் கழித்துத் தப்பினான். அந்த அரசனுடைய ஆட்கள் துறைக்குத் துறை அவனைத் தேடியதால் நக்கன் என்று பெயரை மாற்றிக்கொண்டான். நூசவாருவின் மணலில் கால் வைத்த கணமே அந்தப் பொய்ப் பெயரைக் கடலில் எறிந்துவிடுவது என்று ஐம்பது நாளும் எண்ணி எண்ணி வந்திருந்தான்.

அச்சமயம் கரையிலிருந்து ஓர் ஓசை எழுந்தது.

அது தீவினர் 'திஃபா' என்று சொல்லும் கைப்பறையின் ஓசை. நம் நாட்டு உடுக்கையைப் போல இடை சிறுத்த பறைதான். ஆனால் முழங்கைக்கு மேல் நீளமானது. ஒரே மரத்துண்டைத் தணலால் சுட்டுச் சுட்டுக் குடைந்து செய்வார்கள். ஒரு பக்கத்தில் மட்டுமே உடும்புத் தோல் போர்த்தியிருக்கும். மறுபக்கம் திறந்த வாய். கோல் கிடையாது, உள்ளங்கைதான். நீரின் மேல் அந்த ஓசை ஆழ்ந்து, நின்று, மறுபடியும் ஆழ்ந்து வந்தது. எயினனுக்கு மேலெல்லாம் சிலிர்த்தது.

தீவிலிருந்து சிறு படகில் வந்து கப்பலேறிய வழிகாட்டி, பருத்த உடலும் உரத்த குரலுமான மனிதன். சுக்கானில் இருந்தவர்களைப் பார்த்துக் கையை ஆட்டி, "எயினா அழைக்கிறான்! அவன் குரல் வரும் பக்கமே கப்பலை விடுங்கள்! வலத்தே திரும்பினால் பாறை, இடத்தே திரும்பினாலும் பாறை!" என்று கத்தினான்.

எயினனுக்கு ஒரு கணம் தலைகால் புரியவில்லை. கண்டுகொண்டார்களா? இத்தனை தூரத்திலிருந்தா? மகிழ்ச்சியில் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. வழிகாட்டியின் தோளைப் பற்றி, "யார் அழைப்பது? எயினா என்றது யாரை?" என்று தீவின் மொழியிலேயே கேட்டான்.

"ஓ, எங்கள் பேச்சு உமக்குத் தெரியுமா? அதோ, அந்தத் திஃபாவின் பெயர் அது. எங்கள் இளவரசியின் கணவன், உங்கள் நாட்டான்தான், கடலில் போய்விட்டான். பெயரைப் பறைக்கு வைத்துவிட்டோம். மூன்று வருஷமாக அவன் அழைத்து, ஒரு படகுகூடப் பாறையில் மோதவில்லை. நல்ல ஆத்மா!" என்றான் அவன், அடுத்த வீட்டுக்காரரைப் புகழ்வது போல.

எயினனின் கை அவன் தோளிலிருந்து தானாக நழுவியது. தன் பெயரின் ஓசை வழிகாட்ட, கப்பல் பத்திரமாகப் பாறைகளைக் கடந்து உள்ளே சென்றது.

கரையோரத்துப் பாறையொன்றின் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். மரப்பட்டையை அடித்துச் செய்த பழுப்புத் துணியால் தலையையும் தோளையும் மூடியிருந்தாள். மடியில் திஃபா. கப்பலிலிருந்து இறங்கியவர்களை அவள் ஏறிட்டுப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்பது அவள் இருந்த நோன்பின் விதி. எயினன் ஐந்து முழத் தொலைவில் அவளைக் கடந்து சென்றான். அவள் மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. அவ்வளவு மெலிந்திருந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தவன், ஏதோ ஒன்று தடுக்க, அப்படியே விழுங்கிக்கொண்டு நடந்தான். அந்தத் தடை நல்லதுக்குத்தான் வந்தது என்பது சற்று நேரத்தில் தெரியும்.

அரசன் பத்துலாயின் மண்டபம் தேக்குத் தூண்களின் மேல் நின்றது. உத்தரங்களிலிருந்து வரிசையாகத் திஃபாக்கள் தொங்கின. ஒவ்வொன்றும் அந்தக் குலத்தில் இறந்த ஒருவரின் பெயரைத் தாங்கியது. எயினன் தீவில் இருந்த நாட்களில் பத்துலாய் பெரும்பாலும் வேறு தீவுகளோடு போரில் இருந்தான். தங்கை கணவனை நாலைந்து முறைக்கு மேல் பார்த்ததில்லை. நரைத்த தாடியோடு கோணல் வாயால் பேசிய மொழிபெயர்ப்பாளனை அவன் அடையாளம் காணாததில் வியப்பில்லை. எயினனும் வேண்டுமென்றே தட்டுத் தடுமாறி அந்த மொழியைப் பேசினான்.

விருந்தின் நடுவில் மெல்லப் பேச்சை அந்தப் பக்கம் திருப்பினான். "அரசே! கரையில் பறை வாசிக்கும் தேவியார் தங்கள் தங்கை என்று கேள்விப்பட்டேன். அவர் ஏன் அங்கே தனியாக இருக்க வேண்டும்?"

பத்துலாயின் முகம் சட்டென்று வாடியது. கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"அது என் நெஞ்சில் தைத்த முள், கடலோடியே! மூன்று ஆண்டுகள் அவள் பறைக்கு அவன் பெயரை வைக்க விடவில்லை. 'அவர் வருவார், வருவார்' என்றாள். பெயர் வைக்கப்படாத ஆவி பாறைகளில் அலைகிறது என்று ஊர் சொன்னது. இரண்டு படகுகள் மூழ்கின, ஒன்பது பேர் போனார்கள். அதன்பிறகு அவளே தன் கையைக் கீறிக்கொண்டாள். தோலை மரத்தோடு ஒட்டுவதற்குச் சுண்ணாம்பில் இரத்தம் குழைப்பது எங்கள் வழக்கம். உறவின் இரத்தம்தான் ஒட்டும். ஆனால் அவன் செத்ததைக் கண்ணால் பார்த்தவர் யாருமில்லை. அப்படிப்பட்ட பறைக்கு ஒரு சாட்சி வந்து, திறந்த வாய் வழியே அந்தச் சாவைச் சொல்ல வேண்டும். சொல்லும்வரை இரத்தம் கொடுத்தவள் கூரையின் கீழ் படுக்கக் கூடாது. அந்தப் பறையை வேறு யாரும் தொடவும் கூடாது. மழையிலும் அந்தப் பாறைதான் அவளுக்கு. இன்னும் ஒரு மழைக்காலத்தை அவள் தாங்கமாட்டாள்."

இதோ ஒரே சொல்லில் எல்லாவற்றையும் முடித்துவிடலாமே என்று எயினனின் உள்ளம் துள்ளியது. ஆயினும் சிறைவாசம் அவனுக்கு ஒரு நல்ல பாடம் கற்பித்திருந்தது; ஒரு கேள்வியை முன்னால் அனுப்பினான்.

"ஒருவேளை அவர் உயிரோடு திரும்பி வந்துவிட்டால்?"

பத்துலாய் தாழ்ந்த குரலில் சொன்னான்: "அதை வாயால் சொல்லாதீர்! என் பாட்டனார் காலத்தில் ஒருமுறை நடந்தது. ஒரு பெயரில் இரண்டு உயிர் இருக்க முடியாது. பறையைப் பிளக்க வேண்டும். பிளந்த பறையோடு, அதற்கு இரத்தம் கொடுத்தவளையும் தெப்பத்தில் ஏற்றி, துடுப்பில்லாமல் பாறைகளுக்கு வெளியே விட்டார்கள். உயிரோடிருந்தவனைச் செத்தவனாக்கிய கை அல்லவா? அவள் திரும்பவில்லை. என் தங்கையானாலும் வழக்கம் வழக்கம்தான்; நான் அரசன் என்பதால் விலக்கு இல்லை. ஒவ்வொரு கப்பல் வரும்போதும், அதில் அவன் இருந்துவிடப் போகிறானே என்று அஞ்சுகிறேன். நல்லவன்தான். ஆனால் செத்தே இருக்கட்டும்."

வாசகர்களே! அந்தச் சமயத்தில் எயினன் சற்றுப் பொறுத்திருக்கலாம். கப்பலுக்குத் திரும்பி, விழுப்பரையரோடு கலந்து பேசி, நிதானமாக ஒரு வழி தேடியிருக்கலாம். நமக்கு இப்போது சொல்வது எளிது. தெப்பத்தில் துடுப்பில்லாமல் மிதக்கும் தெலேமாவைத் தவிர வேறெதுவும் அவன் கண்ணில் படவில்லை. யாரோ தன் முகத்தை உற்றுப் பார்ப்பது போலவும், அடுத்த கணமே 'நீ எயினன் அல்லவா?' என்று கேட்டுவிடப் போவது போலவும் பட்டது. பயத்தில் வாய் முந்திக்கொண்டது.

"அவர் வரமாட்டார், அரசே!" என்றான். "எயினர் இறந்ததை இந்தக் கண்களால் நான் பார்த்தேன்."

பத்துலாய் துள்ளி எழுந்தான். அவன் கண்களில் நீர் பெருகியது. நீண்ட அடிகள் எடுத்து வைத்து வந்து எயினனை இறுகத் தழுவிக்கொண்டான்.

"கடவுள் அனுப்பினார் உம்மை! நாளை மாலையே சாட்சி சொல்லிவிடும்! பறைக்குச் சாவைச் சொன்னவன் அந்த வீட்டின் மகன். நாளை முதல் நீர் எனக்குத் தம்பி, தெலேமாவுக்கு அண்ணன். எங்கள் இரத்தம் உள்ளவரை அந்த உறவு மாறாது!"

எயினன் அவன் தழுவலுக்குள் கல்லாய்ச் சமைந்து நின்றான். மண்டபத்தில் எல்லோரும் கைதட்டி ஆரவாரம் செய்தார்கள்.

விழுப்பரையர் கதை முழுவதையும் கடற்கரையில் நின்றபடி கேட்டார். முதிர்ந்த போர்வீரர் அவர். சுற்றி வளைக்கத் தெரியாது. "ஐம்பது வில்லாளிகள் இருக்கிறார்கள். தாங்கள் ஒரு சொல் சொல்லுங்கள், எயினரே! பொழுது புலருமுன் தேவியார் கப்பலில் இருப்பார். தங்கள் மனைவியைத் தாங்கள் அழைத்துச் செல்வதற்கு யார் அனுமதி வேண்டும்?"

"பாறைகளின் அனுமதி வேண்டும், ஐயா," என்றான் எயினன். "அந்தத் திஃபா கரையிலிருந்து ஒலித்தாலன்றி நம் கப்பல் வெளியேற முடியாது. அதைத் தொடக்கூடிய கை ஒன்றே ஒன்று. அந்தக் கையைக் கப்பலில் ஏற்றிக்கொண்டால் பறையை யார் வாசிப்பது?"

"அப்படியானால் சாட்சி சொல்லாதீர்கள். மறுத்துவிடுங்கள்!"

"ஏன் மறுக்கிறான் என்று கேட்பார்கள். உற்றுப் பார்ப்பார்கள். என் வலத் தோளில் அவள் கையால் குத்திய பச்சை இருக்கிறது. மறுத்துவிட்டுப் போய்விட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவள் அந்தப் பாறையிலேயே கிடந்து இந்த மழையில் சாவாள்." "ஐந்து வருஷம் எதற்காக உயிரோடிருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை, ஐயா," என்றான்.

விழுப்பரையர் தம் மேலாடையை எடுத்து அவன் தோளில் போர்த்தி, வலத் தோள் மறையும்படி இறுக்கி முடிந்துவிட்டார்.

மறுநாள் அந்திவேளை. ஊரே கரையில் கூடிற்று. தேயத் தொடங்கிய நிலவு மலைக்குப் பின்னால் வெளிச்சம் காட்டியதே தவிர, இன்னும் முகம் காட்டவில்லை. சிறு தீ ஒன்று மூட்டி, அதன் சூட்டில் திஃபாவைக் காட்டித் தெலேமா தோலை விறைப்பாக்கினாள். தோலின் நடுவில் ஒட்டியிருந்த தேன்மெழுகு உருண்டைகளை விரலால் தட்டிச் சரிசெய்தாள். பிறகு பறையை மடியில் கிடத்தி, வலது உள்ளங்கையைத் தோலின் மேல் பதித்துக்கொண்டாள். சாட்சியின் சொற்கள் அந்தக் கை வழியே அவளைச் சேரவேண்டும் என்பது முறை.

எயினன் மண்டியிட்டுத் திறந்த வாயின் அருகே முகத்தைக் கொண்டுபோனான். உள்ளே தணலின் கருகல் வாசனை இன்னும் இருந்தது. இருவருக்கும் நடுவே ஒரு முழம் மரம். அவள் தலை குனிந்தே இருந்தது.

"எயினன் கடலில் சாகவில்லை," என்று தொடங்கினான். "இந்தத் தீவை விட்டுப் போன நாற்பதாம் நாள் ஒரு சிறையில் சங்கிலியால் பிணைத்தார்கள். அவனையும் என்னையும் ஒரே சங்கிலியில் பிணைத்தார்கள். முழங்காலளவு நீர் நிற்கும் நிலவறை அது. அவன் வாயாடி. ஒரு பெண்ணைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பான். அவள் எப்படிச் சிரிப்பாள், கோபம் வந்தால் எப்படி மீனை அடுப்பிலேயே கருகவிடுவாள் என்று. காவலர்கள் கேலி செய்வார்கள். அடித்தார்கள், அப்போதும் பேசினான். வாயை உடைத்தார்கள், குணமானதும் மறுபடி பேசினான். பருவக்காற்று மாறும்போதெல்லாம் சுவரில் காதை வைத்துக் கேட்பான். 'இந்தக் காற்றுக்குப் போயிருக்க வேண்டும்' என்பான்."

தோல் நடுங்கியது. அதன் மேலிருந்த கை அசையவில்லை.

நெரிந்துபோன அந்தக் குரல் ஊராரின் காதுகளை ஏமாற்றிவிட்டது, தெலேமாவின் காதையும்கூட. ஆனால் மொழி தெரியாமல் கரையொதுங்கியவனுக்குச் சொல் கற்றுக்கொடுத்த நாட்களில், அவன் மார்பில் உள்ளங்கையை வைத்து, 'சொல், இன்னொரு முறை சொல்' என்று கேட்டவள் அவள். எந்தச் சொல்லில் அவன் மூச்சு இடறும், எந்த இடத்தில் நிற்கும், எங்கே அவசரப்படும் என்பதெல்லாம் அந்தக் கைக்குத் தெரியும். நடுவில் ஒரு கணம் அவள் விரல்கள் ஐந்தும் தோலை இறுகப் பற்றின. அருகிலிருந்த பெண்கள் அதைத் துக்கம் என்று எண்ணிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

எயினன் அதைப் பார்த்துவிட்டான். அவள் தெரிந்துகொண்டாள் என்று அறிந்ததும் அவன் பேச்சு நின்றுவிட்டது.

"எப்படி இறந்தான்?" என்று பத்துலாய் நினைவூட்டினான்.

"ஒரு நாள் அவளைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டான், அரசே. அன்றே செத்துப்போனான்."

சாட்சியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க விதவைக்கு உரிமை உண்டு. தெலேமா தலையை நிமிர்த்தவில்லை. குனிந்தபடியே கேட்டாள்.

"அவருக்கு மிகவும் வலித்ததா?"

"சிறையில் வலிக்கவில்லை, தேவி," என்றான் எயினன். "சாகும்போதுதான் வலித்தது."

அவள் வெடித்து அழுதாள். மூன்று ஆண்டுகளாக அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. பத்துலாயும் வாய்விட்டு அழுதான், ஊரே அழுதது. உண்மையைச் சொல்லி அழக்கூடிய இருவர் மட்டும், பொய்யைச் சொல்லி அழுதுகொண்டிருந்தார்கள்.

"சத்தியம் செய்யும், தம்பி!" என்றான் பத்துலாய். "தோலின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்யும்!"

தோல் ஓர் அகல் தட்டின் அளவுதான். அவள் கை ஏற்கெனவே அங்கே இருந்தது. எயினன் தன் கையை வைத்தபோது விரல்கள் விரல்களைத் தொட்டன. ஆறு ஆண்டுகளில் அதுவே முதல் தடவை. பொய்ச் சத்தியம் செய்தால் தோல் கிழியும் என்பது தீவினரின் நம்பிக்கை. நம் எயினனோ சத்தியத்தை ஒரு சபதமாகவே செய்தான்.

"எயினன் என்பவன் இனி இந்த மண்ணின் மேல் நடக்கமாட்டான். அந்தப் பெயருக்கு எந்த நாட்டில் எவன் குரல் கொடுத்தாலும் அவன் நானல்ல. நான் உயிரோடு இருக்கும் நாளெல்லாம் இதற்கு நானே பிணை. இது பொய்த்தால் என் தலை வெடிக்கட்டும்!"

தோல் கிழியவில்லை.

இனி விதவை இறந்தவனுக்கு விடைகொடுக்க வேண்டும். தெலேமா பறையைத் திருப்பி, அதன் வாயில் தன் வாயை வைத்தாள். ஊருக்குக் கேட்கும்படியே சொன்னாள்.

"எயினா! உன்னைச் செத்தவன் என்று சொன்ன கை என்னுடையதுதான். மூன்று வருஷம் காத்திருந்தேன். இன்னும் மூன்று வருஷம் காத்திருக்கத் தெரியாமல் போயிற்று. அதை மன்னித்துவிடு. நீ போன நாட்டில் நன்றாகச் சாப்பிடு. தனியாக இருக்காதே. நான் கூரையின் கீழ் படுத்துக்கொள்கிறேன். நான் சாகமாட்டேன். இது உனக்கு நான் செய்யும் சத்தியம்."

பெண்கள் அவள் தலையிலிருந்த பட்டைத்துணியை எடுத்துவிட்டார்கள். நோன்பு முடிந்தது. அவள் இனி யாரையும் ஏறிட்டுப் பார்க்கலாம். முதன்முதலாகச் சாட்சியைத்தான் பார்க்க வேண்டும், அண்ணன் என்று அழைக்க வேண்டும், தன் கையால் அவனுக்கு உணவு கொடுக்க வேண்டும். அதுவே கடைசிச் சடங்கு. பனைத்தண்டின் மாவில் சுட்ட அப்பம் ஒன்றை இலையில் வைத்து அவள் கையில் கொடுத்தார்கள்.

தெலேமா நிமிர்ந்தாள். உடைந்த தாடையைப் பார்த்தாள். நரைத்த தாடியைப் பார்த்தாள். கழுத்துத் தழும்பைப் பார்த்தாள். அவள் உதடுகள் இரண்டு முறை திறந்து மூடின. பத்துலாய் ஆவலோடு ஓர் அடி முன்னால் வந்தான். அவன் வந்ததைக் கண்டதும் அவள் சட்டென்று அப்பத்தை நீட்டினாள்.

"சாப்பிடுங்கள், அண்ணா!" என்றாள். குரல் பிசகவில்லை.

எயினன் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டான்.

நம் நாட்டில் விடைபெறுகிறவர் யாராயிருந்தாலும் 'போய் வருகிறேன்' என்றுதான் சொல்வார். கோபக்காரன்கூட அப்படித்தான் சொல்லிவிட்டுப் போவான். ஆறு ஆண்டுகளுக்கு முன் எயினனும் இதே கரையில், இதே தமிழில், அதையே சொல்லிவிட்டுத்தான் கப்பலேறினான். அதன் பொருளை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனும் அவனே. கூடியிருந்த அத்தனை தீவினரிலும் தமிழ் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

அவன் அவளை ஒருமுறை நன்றாகப் பார்த்தான்.

"போகிறேன், தங்காய்!" என்றான்.